காலியாக விட்ட கட்டங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்கள். எனக்குப் பேச்சு வராது, எழுதி வைத்துப் படித்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அதனால்தான் இந்தத் தாள்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் அளவு, புண்ணுக்குக் கட்டுப் போடும் விதம் இதையெல்லாம் டாக்டரும் நர்ஸம்மாவும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். நான் வண்டி ஓட்ட வந்தவன். தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்தில் வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, வீட்டோடு படுத்துவிட்ட புற்றுநோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்க்கும் இந்தக் குழுவுக்கு டிரைவராக வந்து சேர்ந்தேன். விழுப்புரத்திலிருந்து காலையில் கிளம்பினால் ஒரு நாள் காணை பக்கம், ஒரு நாள் திண்டிவனம் பக்கம்.

நர்ஸம்மா உள்ளே நோயாளியைப் பார்ப்பார். நான் வெளியே வண்டியில் சாய்ந்து நிற்பேன். அந்த வீட்டில் ராப்பகலாக நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர், மனைவியோ மகளோ மருமகளோ, ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வருவார். உள்ளே நர்ஸம்மாவிடம் "எல்லாம் நல்லாத்தாங்க இருக்குது" என்று சொன்னவர்தான். என்னிடம் சொம்பைக் கொடுத்துவிட்டு, "நான் படுத்துத் தூங்கி எட்டு நாள் ஆவுதுண்ணா" என்பார். டாக்டரிடம் கேட்க வெட்கப்பட்டதையெல்லாம் டிரைவரிடம் கேட்பார்கள். இதை ஒரு வருடம் கவனித்துவிட்டு நர்ஸம்மா ஒருநாள், "படுத்திருக்கறவங்களை நான் பாத்துக்கறேன். பாத்துக்கறவங்களை நீ பாத்துக்கோ" என்றார். பயிற்சியும் கொடுத்தார்கள். இப்படித்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

என் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தவன். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். வண்டி எடுக்கும் முன் நாலு டயரையும் உதைத்துப் பார்த்து, ஸ்டெப்னியையும் ஒரு உதை உதைப்பேன். டிரைவருக்கு அது நல்ல குணம். பார்த்துக்கொள்கிறவர்களிடம் பேசும் வேலைக்கும் அதுவே நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளியனூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டர் போனால் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த வீட்டுக்காரரைச் சவரிமுத்து என்றும், அவர் மனைவியைப் பிலோமினா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சவரிமுத்து கொத்தனார். பிலோமினா அக்காவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. கரண்டியையும் மட்டப்பலகையையும் மூலையில் போட்டுவிட்டு அவரே எல்லாம் பார்த்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, கேப்பைக் கூழைக் கரைத்து ஸ்பூனில் ஊட்டுவது எல்லாம் அவர்தான். பக்கத்து வீட்டில் அவருடைய அக்கா ரோசி. அந்த அம்மாளுக்கு இது பொறுக்காது.

"ஊருல இல்லாத அதிசயம். பொண்டாட்டி பீத்துணிய அலசி ஆம்பளை கொடியில காயப் போடறான்" என்று எங்கள் காதில் விழும்படி சொல்வார்.

"நீ வந்து அலசு. நான் குந்திக்கினு பேசறேன்" என்பார் சவரிமுத்து, துணியை உதறிக்கொண்டே.

பிலோமினா அக்காவுக்கு வலி தாங்க முடியாமல் போனதும் டாக்டர் மார்ஃபின் என்ற வலி மாத்திரை எழுதினார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நாளுக்கு ஐந்து வேளை, வேளைக்கு ஒன்று. இந்த மாத்திரை தெருமுனைக் கடையில் கிடைக்காது. அனுமதி பெற்ற இடத்தில் எண்ணித்தான் கொடுப்பார்கள். அதைக் கையில் வாங்கும்போதே நான் மூன்று முறை எண்ணிப் பார்ப்பேன். நர்ஸம்மா எப்படிக் கொடுப்பது என்று பொறுமையாக விளக்கினார். நான் என் பங்குக்கு ஸ்கேல் வைத்து ஒரு தாளில் கட்டம் போட்டு, மாத்திரை கொடுத்ததும் அந்தந்த வேளைக் கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல யோசனை என்று நர்ஸம்மா பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

வண்டியண்டை வழியனுப்ப வந்த சவரிமுத்துவிடம் தனியாகச் சொன்னேன்.

"அண்ணே, ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாது. மாத்திரை மிச்சம் நின்னுதுன்னா பெரிய பேஜாராயிடும். அப்புறம் மாத்திரையே குடுக்க மாட்டாங்க."

அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பயம் சொன்னது.

அதற்கு முன்னால் உள்ளே அக்காவிடமும் ஒன்று சொல்லியிருந்தேன். "இத போட்டா தூக்கமா வரும்க்கா. தலை சுத்தும். பேச்சுகூடக் கொஞ்சம் கொழறும். பயந்துக்காதீங்க." பயந்துக்காதீங்க என்ற சொல்லை நாம் எப்போதும் பயமுறுத்தி முடித்த பிறகுதான் சொல்கிறோம்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. முதல் சில நாள் தூங்கித் தூங்கி விழுந்தார். பிறகு தெளிந்துவிட்டார். தலையணையை உயர்த்திக்கொண்டு வாசலைப் பார்த்துப் பேசும் அளவுக்கு வந்தார். கட்டங்கள் ஒன்று விடாமல் டிக் அடித்திருந்தன. நான் அந்தத் தாளை மற்ற வீடுகளுக்கும் கொண்டுபோனேன்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். அன்றைக்குக் கிளியனூரில் ஒரு பெரியவருக்கு மோசமான புண். "எனக்கு இங்க ரெண்டு மணி நேரம் ஆவும். நீ போயி சவரிமுத்து வீட்ல பஞ்சும் பேண்டேஜும் குடுத்துட்டு, அவரு எப்படி இருக்காருன்னு பாத்துட்டு வா" என்று நர்ஸம்மா அனுப்பினார். அப்போது குழுவுக்கே ஒரு செல்போன்தான். அது அவரிடம் இருந்தது.

சாலை நெடுக மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொடியோடு காயப் போட்டிருந்தார்கள். ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. இன்ஜினை நிறுத்தியதும் அந்தச் சத்தம் கேட்டது. வாயில் துணியைக் கடித்துக்கொண்டு கத்தினால் எப்படி இருக்கும், அப்படி.

உள்ளே போனால் வீடு பெருக்கித் துடைத்திருந்தது. ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி விரித்து, நடுவில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் ஏற்றாத மெழுகுவத்தி. சவரிமுத்து சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பிலோமினா அக்காவுக்குத் தலை வாரி, புதுப்புடவை சுற்றியிருந்தது. அவர் வாயில் துண்டு. ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. நெற்றி வேர்வை காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

சுவரில் என் தாள். நேற்று இரவு பத்து மணி வரை டிக். இன்றைக்கு ஆறு மணி, பத்து மணி, இரண்டு மணி என மூன்று கட்டமும் காலி.

"இன்னாண்ணே இது? காலையிலேருந்து ஒண்ணுமே குடுக்கலையா? மனுஷன்தானா நீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். மூன்று மாத்திரைகள்.

"எதுவும் வீணாக்கல தம்பி. இது ஆறு மணிது, இது பத்து மணிது, இது ரெண்டு மணிது. சாமியாரு வந்துட்டுப் போனதும் மூணையும் சேத்துக் குடுத்துட்டு, மூணு கட்டத்துக்கும் டிக் போட்டுடுவேன். கணக்கு தப்பாது."

அந்த மாத்திரையை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் மூச்சு குறைந்து நின்றுவிடக்கூடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பயத்தில்தான் நான் கட்டமே போட்டேன். ஆனால் விட்டுப்போன வேளைக்கு என்ன செய்வது என்று நான் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடவே கூடாது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

கையை நீட்டி அந்தக் காகிதத்தைப் பிடுங்கப் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கை நின்றது. அதில் திருட்டுத்தனம் இல்லை. வாத்தியார் சொன்னதைச் சரியாகச் செய்துவிட்ட பையனின் முகம். அப்போதுதான், உள்ளே நுழைந்ததும் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"ஏண்ணே குடுக்கல?"

அவர் கட்டிலைப் பார்த்தார். அக்கா துண்டை வாயிலிருந்து எடுத்தார்.

"நாந்தான் வேணான்னேன்."

விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். செய்த பாவங்களை அவரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. பதினாறு வருடமாக அக்கா அதைச் செய்யவில்லை. கோயிலுக்குப் போவார், பூசை பார்ப்பார், நற்கருணை அப்பமான நன்மையை வாங்காமல் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கிறார்.

"ஒண்ணு வுடாம சொல்லணும் தம்பி. ஒளறக் கூடாது. பேச்சு கொழறும்னு நீதானே சொன்ன?"

சாமியார் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னாராம். அதற்காக ஆறு மணி மாத்திரையை மட்டும் விட்டிருக்கிறார்கள். பிறகு வேறொரு ஊரில் சாவு, அடக்கம் முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு வருகிறேன் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். பிறகு மதியம். இதோ வருகிறார், இதோ வருகிறார் என்று ஒரு வேளை மூன்று வேளையாகிவிட்டது.

"காலையிலேருந்து தொண்டை கிழியச் சொல்லிக்கினு இருக்கேன், மூணையும் வாயில போட்டுத் தண்ணிய ஊத்துடான்னு" என்று வாசல்படியிலிருந்து ரோசியம்மா குரல் கொடுத்தார். "எவன் கேக்கறான்? இப்ப வண்டி ஓட்றவரு வைத்தியம் பாக்க வந்துட்டாரு."

"மூணும் சேத்துக் குடுத்தா மூச்சு நின்னுடும்மா" என்றேன்.

சவரிமுத்து கையிலிருந்த காகிதத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இப்படிப்பட்டதை மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. அவர் கேட்டது என்ன தெரியுமா?

"அப்ப டிக்கு?"

"தாளை வுடுங்கண்ணே."

"தாளு சரியா இல்லேன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்கன்னியே."

என் பயத்தை நான் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவர் அதை மூன்று வாரம் பத்திரமாக வைத்திருந்தார்.

தெருமுனைக் கடையண்டை ஒரு காயின் போன் இருந்தது. நர்ஸம்மாவிடம் கேட்காமல் ஒன்றும் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. போய்விட்டு வரும் வரை அந்த மூன்று மாத்திரையும் யார் கையில் இருப்பது? வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார், ரோசியம்மா பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கையை நம்ப முடியாது என்று எல்லாருக்கும் எதிரில் சொன்னதாகிவிடும். இன்றைக்கு மாலையும் நாளைக்கும் அந்தக் கைதான் அவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்.

"நீங்களே வெச்சிக்கினு இருங்கண்ணே. நான் வந்து சொல்ற வரைக்கும் எதுவும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். செய்தது சரியா என்று கடை வரைக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. உங்களுக்கு அப்படி ஒரு நேரம் வந்தால், பார்த்துக்கொள்கிறவரின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நர்ஸம்மா எடுத்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினேன்.

"மொதல்ல நில்லு. எத்தனை குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கலைங்க. குடுக்கப் பாத்தாரு."

"நல்லது. ஒண்ணே ஒண்ணு, இப்பவே குடுக்கச் சொல்லு. வுட்டது வுட்டதுதான், சேத்துக் குடுக்கக் கூடாது. நான் டாக்டர்கிட்ட பேசறேன்."

"அவங்க வாங்க மாட்டேங்கறாங்க. சாமியாரு வர்ற வரைக்கும் வேணாமாம். பேச்சு கொழறிடும்னு பயம்."

"அப்படின்னு யாரு சொன்னது?"

"நாந்தாங்க."

"அது மொத மூணு நாலு நாளைக்குப்பா. இப்ப ஒடம்பு பழகியிருக்கும். வலிதான் இப்ப அவங்க புத்தியக் கெடுக்கும், மாத்திரை இல்ல. மயக்கம் போயிடும்னு நீ அப்புறம் போயிச் சொல்லவேயில்லையா?"

போன் அறுந்துவிட்டது.

திரும்பி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். நான் முதல் நாள் சொன்னது முதல் நாளைக்குத்தான், அதைத் திரும்ப வந்து மாற்றிச் சொல்லாதது என் தப்பு என்றும் சொன்னேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"சத்தியமா சொல்லு. தெளிவா இருப்பேனா?"

சத்தியம் செய்திருந்தால் உடனே வாயைத் திறந்திருப்பார். அந்த நேரத்தில் அதுதான் சுலபம். ஆனால் அவர் தூங்கிவிட்டால்? அந்தப் பதினாறு வருடத்துக்கு நான் எங்கே போய்ப் பதில் சொல்வது?

"சத்தியம் பண்ண மாட்டேங்க்கா. நடந்ததைச் சொல்றேன். போன வாரம் நான் வந்திருந்தேனே, அன்னிக்கு ரெண்டு மணி மாத்திரை என் எதிர்லதான் போட்டீங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மரக்காணத்து மீன்காரம்மா வந்தாங்க. படுத்துக்கினே அவங்களை இன்னா கேட்டீங்க?"

அக்கா யோசித்தார். சவரிமுத்துதான் சொன்னார்: "செவுளைக் காட்டுடி, நேத்து மீனை எங்கிட்டயே விக்கிறியான்னு கேட்டா. அந்தம்மா கூடையத் தூக்கிக்கினு ஓடிச்சு."

"அவ கடைசி வரைக்கும் செவுளைக் காட்டவே இல்ல" என்றார் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

"அந்தத் தெளிவு போதாதாக்கா?"

என் மணிக்கட்டை விட்டார். "ஒண்ணு செய். நீ போயி சாமியாரக் கையோட கூட்டியா. உன் வண்டி கெளம்பற சத்தம் கேட்டா நான் வாயத் தொறக்கறேன்."

நான் பேனாவை எடுத்துச் சுவரிலிருந்த தாளில் ஆறு மணி, பத்து மணிக் கட்டங்கள் மேல் கோடு இழுத்தேன். பக்கத்தில் "என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இது காலியாவே இருக்கட்டும்ணே. யாராவது கேட்டா என்னைத்தான் கேப்பாங்க. மாத்திரைய நிறுத்த மாட்டாங்க. அன்னிக்கு நான் தெரியாம சொல்லிட்டேன்."

சவரிமுத்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு காகிதத்திலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் டப்பாவில் போட்டு மூடினார். நான் வண்டியைக் கிளப்பினேன். அவர் அக்காவின் தலையைத் தூக்குவதைத் திறந்த கதவு வழியாக வண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். அதற்குள் தெரு திரும்பிவிட்டது.

சாமியார் அந்த அடக்கம் நடந்த ஊரில் கல்லறைக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் அங்கியோடு நின்று சோடா குடித்துக்கொண்டிருந்தார். வயது நாற்பது இருக்கும். களைத்திருந்தார்.

"பிலோமினாதானே? தெரியும்பா. காலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. ரெண்டு வாய் சோறு சாப்ட்டுட்டு வந்துடறேன்."

"வண்டியில சாப்பிடுங்க சாமி. நான் குலுக்காம ஓட்டறேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். சாவு வீட்டில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வழியில் நடந்ததைச் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"வலி மாத்திரை போடாம எனக்காகக் காத்துக்கினு இருந்தாங்களா? அப்படிக் காத்திருக்கணும்னு நான் சொல்லவே இல்லியேப்பா. அரைத் தூக்கத்துல சொன்னாலும் கேட்டிருப்பேன். வாயே தொறக்க முடியலேன்னாலும் மன்னிப்பு உண்டு. ஒருத்தரு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும்தான். எந்தக் குடும்பமாக இருந்தாலும் சாமியார், பூசாரி, ஹஜரத், ஊர்ப் பெரியவர் என்று அவர்கள் மனதில் ஒருவர் இருப்பார். நாம் போய்க் கேட்டால் அவர்களே பாதி முடிச்சை அவிழ்த்துவிடுவார்கள். இது பிறகு பல வருடம் எனக்கு உதவியது.

மல்லாட்டைக் கொடி மேலேயே ஏற்றி ஓட்டினேன். ஒரு அம்மாள் குச்சியை எடுத்துக்கொண்டு துரத்தினார். வீட்டு வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

சத்தமே இல்லை.

போகும்போது தெருமுனை வரை கேட்ட முனகல் இல்லை. என்னால் கதவைத் திறக்க முடியவில்லை. டப்பாவில் போட்டு மூடினாரே, பார்த்தேனே. மூடியதைத்தான் பார்த்தேன். நான் போன பிறகு ரோசியம்மா கத்தியிருந்தால்? அக்கா வலியில் கேட்டிருந்தால்? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். சாமியார் இறங்கி, அங்கியை உதறிவிட்டு, "வாப்பா" என்றார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சட்டைய மாத்துய்யா. கூழு சிந்திக்கினு சாமியாரு எதிர்ல நிப்பியா?"

நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன்.

சாமியார் உள்ளே போனதும் எல்லாரும் வெளியே வந்தோம். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். சவரிமுத்து வேறு சட்டையில், வண்டி நிழலில் என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பதினாறு வருஷம்" என்றார் பிறகு. "கல்யாணம் ஆயி இருபது. எங்கிட்ட சொல்லாதது இன்னா இருக்கும் தம்பி? உங்கிட்ட எதுனா சொன்னாளா?"

"இல்லண்ணே."

எனக்கு ஆறுதல் சொல்லும் வார்த்தை பத்து தயாராக இருந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அன்றைக்கு நான் நிறையச் சொல்லிவிட்டேன் என்று தோன்றியது. அவர் ஒரு சல்லிக் கல்லை எடுத்துத் தரையில் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டார்.

"எனக்குத் தெரிய வேணாம். அவ நிம்மதியா இருந்தா போதும்" என்றார்.

ரோசியம்மா ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தார். "குடிடா. காலையில அவதான் துன்னலேன்னா நீயும் இந்நேரம் வரைக்கும் ஒண்ணும் துன்னாம கெடக்கற. வண்டிக்காரருக்கும் எடுத்தாறேன்."

அவரும் பட்டினி. மூன்று மணியிலிருந்து நான் அந்த வீட்டில் இருக்கிறேன். பார்த்துக்கொள்கிறவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதைக் கண்டது நானில்லை, நாள் பூராவும் அவரைத் திட்டிக்கொண்டிருந்த ரோசியம்மா.

அரை மணிக்கு மேல் ஆயிற்று. கதவு திறந்தபோது மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அக்காவின் நெற்றியில், சாகக் கிடப்பவருக்குச் சாமியார் பூசும் அவஸ்தை எண்ணெய் மின்னியது. சவரிமுத்து வாசற்படியில் நின்றார், உள்ளே போகத் தயங்கி.

"ஒண்ணு வுடல" என்றார் அக்கா அவரைப் பார்த்து. "இன்னாத்துக்கு அங்க நிக்கற? வந்து கால மாத்திப் போடு, மரத்துப் போச்சு."

அவர் போய் மெதுவாகக் காலைத் தூக்கி மாற்றிப் போட்டார். அக்கா அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் இருந்தார். வலியில்லாமல்தான் போனார்.

சாமியாரை அவர் வீட்டில் இறக்கிவிட்டுக் கிளியனூர் வந்தபோது நர்ஸம்மா ரோட்டோரத்தில் பையோடு நின்றிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்திருப்பார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஏறி உட்கார்ந்து, அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நான் தனியாகச் சொல்லி வைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"அந்தக் கட்டம் போட்ட தாளை இன்னும் எத்தனை வீட்ல குடுத்திருக்க?"

"இவங்களோட சேத்துப் பத்துங்க."

"ஒரு கட்டம்கூடக் காலியா இருக்கக் கூடாதுன்னு எத்தனை வீட்ல சொன்ன?"

அந்த ஒரு நிமிடத்தைப் போல் நான் எந்த வளைவிலும் பயந்ததில்லை. "பத்துலயுங்க" என்றேன்.

அவர் பாட்டிலை மூடினார். "ஜல்தியா எடு வண்டிய. கிட்ட இருக்கறது எது?"

முதல் இரண்டு வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. நானே சொல்ல வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். நான் நின்று, அன்றைக்குச் சொன்னது தப்பு, வேளை தவறினால் தவறட்டும், கட்டம் காலியாக இருக்கட்டும், அடுத்த வேளைக்கு வழக்கம்போல் ஒன்றுதான், எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள் என்று சொன்னேன். அவர்களும் சரியென்றார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. மற்ற வீடுகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றுகூட வாய் வரை வந்துவிட்டது.

மூன்றாவது வீடு திண்டிவனத்தில் ஒரு சந்து. மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், முப்பது வயது இருக்கும். சுறுசுறுப்பான பெண். என் தாளை அட்டையில் ஒட்டி ஆணியில் மாட்டியிருந்தார். விளக்கேற்றும் நேரம் தாண்டியிருந்தது. நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் உள்ளே போனார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குங்குமச் சிமிழை எடுத்து வந்து நர்ஸம்மாவின் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

இரண்டு மாத்திரைகள்.

"பகல்ல மாமா வாந்தி எடுத்துக்கினே இருந்தாருங்க. குடுக்க முடியல. ராத்திரி பத்து மணிதோட சேத்துக் குடுத்துடலாம்னு எடுத்து வெச்சேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணன்தானே சொன்னாரு" என்றார்.

நர்ஸம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரியவரைப் பார்க்க உள்ளே போனார்.

நான் வெளியே வந்து வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். இன்னும் ஆறு வீடு இருந்தது.